‘கடத்தல்’ என்று கேட்காத உதவி முகப்பு: பிரிக்பீல்ட்ஸில் மூன்று ஞாயிறுகள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் பழைய கடைவீடு ஒன்றின் இரண்டாம் மாடியில், ஞாயிறுதோறும் பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை, புதிதாக வந்திறங்கிய அந்நியத் தொழிலாளர்களுக்கும் தஞ்சம் தேடி வந்தவர்களுக்கும் தமிழில் ஆலோசனை சொல்லும் ஓர் உதவி முகப்பு நடக்கிறது. ஆசை காட்டி அழைத்து வரப்பட்டு, கடப்பிதழை (பாஸ்போட்டை) இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, சம்பளம் முழுதாகக் கண்ணில் படாமல் உழைத்துக்கொண்டிருப்பவர்களை அடையாளம் கண்டு, சட்டம் தரும் பாதுகாப்புக்குள் கொண்டு சேர்ப்பதே அதன் வேலை. பெயரையும் முகவரியையும் எழுத வேண்டாமென்று நடத்துபவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஏஜெண்டுகளும் தமிழ் படிப்பவர்கள்தான் என்று அவர்கள் சொன்ன காரணம் எனக்கு நியாயமாகவே பட்டது. பெயர் சொல்லாமல் ஒரு சேவையை மதிப்பிட்டு யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். இதே வேலையைத் தொடங்கும் எண்ணத்தில் இருக்கும் ஆலய நிர்வாகங்களையும் இளைஞர் மன்றங்களையும் எனக்குத் தெரியும். இங்கிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்றே எழுதுகிறேன்.

நான் 27 ஆண்டுகள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் தோசை சாப்பிடும் உணவகத்தில், மேசை துடைக்கும் இளைஞர் ஒருவர் ஒருநாள் துணியை நிறுத்தாமலே, “ஐயா, பாஸ்போட் தொலைஞ்சா தூதரகத்துல வேற குடுப்பாங்களா?” என்று கேட்டார். தொலைந்துவிட்டதா என்றேன். “தொலையல. இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அந்தப் பதில் என்னோடு வீடுவரை வந்தது. விசாரித்ததில் இந்த முகப்பைப் பற்றித் தெரிந்தது. முதலாளி வீட்டுத் திருமணம் ஒன்றுக்காகக் கடை அடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு போனேன். அடுத்த இரண்டு ஞாயிறுகளும் அனுமதி பெற்றுத் தனியே போய் அமர்ந்திருந்தேன்.

மாடிப்படி குறுகலானது, முதல் திருப்பத்தில் விளக்கு எரியவில்லை. மேலே போனால் சாதாரண வரவேற்பறை. பெயர்ப்பலகை இல்லை, புகைப்படம் எடுப்பதில்லை, வந்தவுடன் அடையாள அட்டை கேட்பதில்லை. முதலில் தேநீர் வருகிறது. எல்லாரும் ‘அக்கா’ என்று அழைக்கும் ஒருங்கிணைப்பாளர், நாற்காலியை எதிரில் போடாமல் பக்கவாட்டில் போட்டு உட்காருகிறார். காவல் நிலையத்திலும் குடிநுழைவுத் துறையிலும் மேசைக்கு இந்தப்புறம் நின்று பழகியவர்களுக்கு அந்த ஒரு நாற்காலியின் இடம் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை, நான் அழைத்துப் போன அந்த உணவக இளைஞர், எங்கள் தம்பி, பாதித் தேநீருக்குள் தோளை இறக்கிக்கொண்டு உட்கார்ந்ததில் கண்டேன்.

இந்தச் சேவையின் உண்மையான பலம் அவர்கள் கேட்கும் கேள்விகளில் இருக்கிறது. சட்டம் சொல்லும் குற்றத்துக்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயர் மனிதக் கடத்தல். கள்ளப் படகில் ஆளை எல்லை தாண்டி இறக்கிவிடுவதற்கும் கடத்தல் என்றே சொல்கிறோம். பணம் கேட்டுப் பிள்ளையைத் தூக்கிப் போவதற்கும் அதே சொல்தான். ஆகவே, “உங்களைக் கடத்தி வந்தார்களா?” என்று யாரைக் கேட்டாலும் இல்லை என்றே பதில் வரும். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, அம்மா கையால் விபூதி வாங்கிக்கொண்டு, திருச்சியில் விமானம் ஏறியவன் தன்னைக் கடத்தப்பட்டவன் என்று எப்படி நினைப்பான்? நான் பணியில் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியை இதே வடிவத்தில் எத்தனையோ பேரிடம் மொழிபெயர்த்துக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொன்ன ‘இல்லை’யை அப்படியே மலாயில் திருப்பியும் கொடுத்திருக்கிறேன்.

இங்கே அந்தச் சொல் அறைக்குள் வருவதே இல்லை. ஒரே பக்கத்தில் கையால் எழுதி நகலெடுத்த கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். பாஸ்போட் இப்போது எங்கே இருக்கிறது? திருப்பிக் கேட்டீர்களா, கேட்டபோது என்ன சொன்னார்கள்? கடையை விட்டுத் தனியாக வெளியே போன கடைசி நாள் எது? ஊரில் சொன்ன சம்பளம் எவ்வளவு, போன மாதம் கைக்கு வந்தது எவ்வளவு? நாளைக்கு வேலையை விட்டுப் போகிறேன் என்று சொன்னால் என்ன ஆகும்? கட்டாய உழைப்பை அடையாளம் காண அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் வகுத்த 11 அறிகுறிகள் இந்தக் கேள்விகளுக்குள் கரைந்து கிடக்கின்றன. கேட்பவருக்கு அது தெரியும், பதில் சொல்பவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. கடைசிக் கேள்விக்குத் தம்பி நெடுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, “ஏஜெண்டு எங்க வீட்டுக்குப் போவாரு” என்றார். அக்கா அதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டார்.

அவருடைய கதை, அக்கா சொன்னதுபோல, இப்போது வாராவாரம் வரும் கதை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் 30 நாள் மலேசியாவில் தங்கலாம் என்று ஆனது. சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்த கதவு. அதே கதவின் வழியாக ஏஜெண்டுகள் ஆட்களை அனுப்பத் தொடங்கினார்கள். பத்தாம் வகுப்பு தேறாத இந்தியர் ஒருவர் வேலைக்காக மலேசியா வர வேண்டுமென்றால், 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி ஊரிலேயே அனுமதி பெற்றாக வேண்டும். ஒப்பந்தத்தை ஓர் அதிகாரி கண்ணால் பார்ப்பார். சுற்றுலாப் பயணி என்று சொல்லி ஏறினால் அந்தச் சோதனை இல்லை. “போய் இறங்கு, பெர்மிட் அங்கே எடுத்துக்கலாம்” என்று சொல்லித் தம்பியிடம் ஒன்றரை லட்சம் ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். ஊரில் அவருடன் பிறந்த அக்காளின் நகை அடகில் இருக்கிறது. முப்பத்தோராம் நாள் அவர் சட்டவிரோதக் குடியேறி ஆனார். 2025 பிப்ரவரியிலிருந்து இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பதும், பிறருடைய கடப்பிதழை உரிமையின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்பதும் அவருக்குத் தெரியாது. தன்னிடம் குற்றம் இருக்கிறது, ஆகவே பேச உரிமை இல்லை என்பது மட்டும் தெரியும். முதலாளிக்கும் அது தெரியும்.

இந்தப் பயத்துக்கு அக்கா சட்டத்திலிருந்தே பதில் சொன்னார். 2007ஆம் ஆண்டு மனிதக் கடத்தல் எதிர்ப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, கடத்தலின் நேரடி விளைவாக நேர்ந்த சட்டவிரோதத் தங்கலுக்காகவோ போலி ஆவணத்துக்காகவோ பாதிக்கப்பட்டவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது. விரும்பித்தானே வந்தாய் என்பதும் குற்றவாளிக்குத் தற்காப்பு ஆகாது. வற்புறுத்தலை மையமாக வைத்திருந்த பழைய வரையறை 2022 திருத்தத்துக்குப் பிறகு விரிந்து, ஏமாற்றி அழைத்து வருவதையும் ஒருவரது இயலாமையைப் பயன்படுத்திக்கொள்வதையும் பெயர் சொல்லியே உள்ளடக்கிக்கொண்டது. இவ்வளவையும் அவர் பத்து நிமிடத்தில், சட்டப் புத்தகத்தைத் திறக்காமல், தம்பி தலையசைக்கும் வேகத்துக்குச் சொன்னார்.

பெரும்பாலான ஆலோசனைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். எனக்கு இந்த முகப்பின்மேல் மதிப்பு வந்தது இதற்குப் பிறகுதான். சுவரில் மாட்டியிருந்த மளிகைக்கடைக் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார் அக்கா. “நீங்க ஆமான்னு சொன்னா என்ன நடக்கும்னு பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க தம்பி” என்று தொடங்கினார். அமலாக்க அதிகாரி 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் கொண்டுபோவார். இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கிடைக்கும். பென்சிலால் 21 கட்டங்களைச் சுற்றி வளைத்தார். அத்தனை நாளும் காப்பகத்தில் இருந்து விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்தான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் வெளிநாட்டவருக்கு மேலும் மூன்று மாதம் வரை பாதுகாப்பு உத்தரவு. செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று தாளைப் புரட்டினார். தம்பி குனிந்து பார்த்து, “அப்ப தீபாவளி அங்கதான்” என்றார். அக்கா ஆமாம் என்றார். 2015 திருத்தம் காப்பகத்தில் இருப்பவர் அனுமதியோடு வெளியே போகவும் வேலை செய்யவும் வழி வைத்திருக்கிறது என்பதையும் சொல்லி, “அத நம்பிக் கிளம்பாதீங்க, கிடைச்சா சந்தோஷம்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. வெளிநாட்டவராக இருந்தால் குடிநுழைவு அதிகாரியிடம் ஒப்படைக்கப்படுவார். 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, காலம் கடந்து தங்கியவருக்கு 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், ஐந்தாண்டு வரை சிறை என்று பேசுகிறது. ஒரே மனிதர், ஒரே கதை. மாஜிஸ்ட்ரேட் முன்னால் வைக்கப்படும் அறிக்கையைப் பொறுத்துக் காப்பகத்துக்கும் போகலாம், தடுப்பு முகாமுக்கும் போகலாம். உதவி என்று வருகிறவரிடம் இதைச் சொன்னால் ஓடிவிடுவார் என்று அஞ்சி இனிப்பை மட்டும் காட்டும் தொண்டர்களைப் பார்த்திருக்கிறேன். ஊரில் ஏஜெண்டு செய்ததும் பாதி உண்மையைச் சொல்லி ஆளை ஏற்றியதுதானே. அக்கா, வீட்டில் யோசித்து அடுத்த வாரம் சொல்லுங்கள் என்று அவரை அனுப்பிவைத்தார். எங்கே வீடு, கடைக்கு மேலே பாய்விரிப்புத்தான். இருந்தாலும் முடிவெடுக்க ஒரு வாரம் அவருக்குத் தரப்பட்டது. நான்காம் நாள் காலை, தண்ணீர்க் குவளையை வைக்கும்போது, “போலாம்னு சொல்லிருங்க ஐயா” என்றார்.

புகார் கொடுப்பதற்கு முன் இங்கே ஒரு ஒத்திகை நடக்கிறது. வாக்குமூலத்தை அவர்கள் தமிழில் எழுதி, மலாயில் பெயர்த்து, வரிவரியாகத் திருப்பிப் படித்துக் காட்டுகிறார்கள். ஓய்வு பெற்றவன் சும்மா இருக்க வேண்டாமென்று மொழிபெயர்ப்பை நான் எடுத்துக்கொண்டேன். “முதலாளி பாஸ்போட்ட வாங்கி வச்சிருக்காரு” என்ற வாக்கியத்துக்கு, பழகிய கை பழகியபடியே, ‘சிம்பான்’ என்று எழுதியது. பக்கத்தில் இருந்த சட்டக் கல்லூரி மாணவி, “அங்கிள், சிம்பான்னா பத்திரமா வச்சிருக்காருன்னுதானே ஆகும்? இவர் கேட்டும் குடுக்கலையே, அது தாஹான் இல்லையா?” என்று கேட்டாள். மறுத்துப் பேச வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன். அவள் சொன்னது சரி; தாஹான் என்றால் தடுத்து வைப்பது. தமிழில் ‘வச்சிருக்காரு’ என்பதற்குள் காப்பதும் இருக்கிறது, மறிப்பதும் இருக்கிறது. பேசுகிறவரின் முகத்தைப் பார்த்து நாம் புரிந்துகொள்கிறோம். மலாயில் ‘சிம்பான்’ என்று எழுதிவிட்டால், நல்ல முதலாளி ஒருவர் தொழிலாளியின் ஆவணத்தை அலமாரியில் பூட்டிக் காக்கிறார் என்ற சித்திரமே அதிகாரியின் கண்ணில் விழும். அடுத்த வரியிலும் அதே கதை: “அட்வான்ஸ் கழிக்கிறாங்க” என்பதை நான் ‘போத்தோங் காஜி’ என்று சம்பளப் பிடித்தமாக்கியிருந்தேன். டிக்கெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் பாய்விரிப்புக்கும் கணக்கு எழுதி, உழைக்க உழைக்கக் கூடிக்கொண்டே போகும் கடன் அது; ‘ஹூத்தாங்’ என்று சொல்லாமல் விட்டால் கடனடிமைத்தனம் என்ற அறிகுறி அறிக்கையிலிருந்தே காணாமல் போகும்.

இந்தச் சொற்களால்தான் முன்பு சொன்ன இரண்டு வழிகளும் பிரிகின்றன. 27 ஆண்டுகளில் எத்தனை ‘வச்சிருக்காரு’க்களை நான் சிம்பான் ஆக்கினேன் என்று கணக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்கு யோசிக்க நேரம் கொடுப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்த மாணவி மூன்று விநாடியில் பிடித்ததை நான் பிடிக்கவில்லை. இந்த ஒத்திகை ஒன்றுக்காகவே இந்த முகப்பைப் பரிந்துரைப்பேன்.

தஞ்சம் தேடி வருகிறவர்களுக்கு இதே தரத்தில் சேவை கிடைக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டாம் ஞாயிறு இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருவர் வந்தார். ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் சந்திப்புத் தேதி அச்சிட்ட தாளை நான்காக மடித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். ஒரு குடும்பத்தில் வீட்டு வேலை. பல மாதங்களாகச் சம்பளம் இல்லை. “பேந்து தாறம் எண்டவை” என்று அவர் சொன்னபோது, எழுதிக்கொண்டிருந்த இளைஞர் பேனாவை நிறுத்தி மூன்று முறை திரும்பக் கேட்டார். மூன்றாம் முறை அந்தப் பெண் பேசுவதையே குறைத்துக்கொண்டார். பிறகு தருகிறோம் என்றார்கள் என்பதுதான் அது. சம்பளத்தை நிறுத்திவைத்ததற்கான நேரடிச் சாட்சி. யாழ்ப்பாணத்துப் பூர்வீகக் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக வாழும் பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்துகொண்டு அந்தத் தமிழைக் கேட்க ஓர் ஆளை ஏற்பாடு செய்யாதது எனக்கு மன்னிக்கக்கூடியதாகப் படவில்லை. அதே பேட்டையில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் பெரியவர்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் மாட்டேன் என்றா சொல்லியிருப்பார்?

மொழியைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதற்கு முகப்பை மட்டும் குறை சொல்ல முடியாது. மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகள் ஆணையம் 1975 முதல் இங்கே இயங்கினாலும், அது தரும் அட்டை வேலை செய்யும் உரிமையைத் தருவதில்லை. சட்டத்தின் பார்வையில் அட்டை வைத்திருப்பவரும் ஆவணமில்லாதவரே. தடுப்பு முகாம்களுக்குள் போய்ப் பார்க்க 2019 ஆகஸ்டு முதல் ஆணையத்துக்கு அனுமதி தரப்படவில்லை. தம்பிக்கு அக்கா காட்டிய காலண்டரை இந்தப் பெண்ணுக்கும் காட்டினார்கள். பாதுகாப்பு உத்தரவு முடிந்ததும் வெளிநாட்டவர் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவார் என்ற கடைசித் தாளில் அவருடைய விரல் நின்றது. தம்பிக்கு அது வீடு. இவருக்கு அது தப்பி ஓடிவந்த இடம். உத்தரவு கேட்பதற்கு முன்பே அகதிகள் ஆணையத்துக்கு எழுதி, பின்னர் ஒரு வழக்கறிஞரோடு சேர்ந்து புகார் கொடுக்கலாம் என்று அக்கா சொன்னார். சரியான யோசனைதான். ஆனால் அதற்கான தாள், தொடர்பு எண், பொறுப்பாளர் என்று எதுவும் தயாராக இல்லை. “தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்று முடிந்தது. அடுத்த வாரம் அவர் வரவில்லை. அவரை அழைத்துக் கேட்க முகப்பிடம் எண்ணும் இல்லை, ஏனென்றால் முதல் சந்திப்பில் எண் வாங்குவதில்லை என்பது அவர்கள் வைத்திருக்கும் விதி. பாதுகாப்புக்காக வைத்த விதிதான். அன்று அது ஒரு பெண்ணைத் தொலைத்துவிட்டது. எண் வாங்காவிட்டாலும், அவர் நம்பும் ஒரு கோயில், ஒரு கடை என்று செய்தி விட்டுவைக்க ஓர் இடத்தையாவது கேட்டு வைத்திருக்கலாம்.

இன்னொரு குறை நேரம். ஞாயிறு பிற்பகல் என்பது சம்பளத்தோடு விடுமுறை பெறுகிறவர்களின் ஓய்வு நேரம். உணவகத்திலும் முடிதிருத்தும் நிலையத்திலும் அன்றுதான் கூட்டம் அதிகம். வீட்டு வேலை செய்கிறவருக்கு அன்று வீடு நிறைய ஆள். எங்கள் தம்பி வந்தது ஒரு திருமணத்தின் புண்ணியத்தில். சாதாரண நாட்களில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, மாலைத் தேநீர்க் கூட்டம் வருவதற்கு முன் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை உணவகத் தொழிலாளி கொஞ்சம் மூச்சு விடுவார். வாரத்தில் ஒரு நாளாவது அந்த நேரத்தில் கதவு திறந்திருந்தால் இன்னும் பலர் வருவார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். தொண்டர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றார். என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள் எதற்கு இருக்கிறோம்? செவ்வாய்க்கிழமை நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். யாழ்ப்பாணத் தமிழ் பேசும் என் முன்னாள் சக ஊழியர் ஒருவரும் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மனித உரிமைப் போராளி ஐரின் பெர்னாண்டஸ் 1991இல் தொடங்கிய தெனகனிதா போன்ற அனுபவமுள்ள அமைப்புகள் செய்யும் வேலைக்கு இந்தச் சிறு முகப்பு ஈடாகாது. தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அவசரமானால் வாரக்கடைசிவரை காத்திருக்க வேண்டாம், மகளிர் அமைச்சின் 15999 எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம் என்று கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதைக் கதவுக்கு முன்னால் ஒட்டலாமே என்றால், வெளியே பார்க்கிறவர்களுக்கு இது என்ன இடம் என்று தெரிந்துவிடும் என்கிறார்கள்.

தம்பி இப்போது காப்பகத்தில் இருக்கிறார். வாக்குமூலத்தில் ‘தாஹான்’ என்றும் ‘ஹூத்தாங்’ என்றும் இருந்தது. மாஜிஸ்ட்ரேட் முதலில் 21 நாள் உத்தரவும் பிறகு பாதுகாப்பு உத்தரவும் பிறப்பித்தார். வழக்கு எப்படிப் போகும் என்று சொல்வதற்கில்லை. அடகு நகையின் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போன வாரம் தொலைபேசியில் பேசியபோது, சோறு பரவாயில்லை, ரசம்தான் சரியில்லை என்றார்.

யாரையாவது அழைத்துப் போகிறவர்கள் கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை: கடப்பிதழின் நகலோ, கைத்தொலைபேசியில் எடுத்த படமோ, ஏஜெண்டோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவுகளை அழிக்காமல், ஊரில் பணம் கொடுத்த ரசீது இருந்தால் அது, சம்பளம் கையில் வந்த தேதியும் தொகையும் எழுதிய ஒரு துண்டுத்தாள், சிகரெட் அட்டையின் பின்புறமானாலும் சரி. முதலாளியிடம் சொல்லிவிட்டு வரக்கூடாது. மாடிப்படியின் முதல் திருப்பத்தில் கவனமாகக் கால் வையுங்கள். விளக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள், நான் கடைசியாகப் போனபோது இன்னும் மாற்றவில்லை.